வானேறும் மல்லிகை
(பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பிரிவு மாணவியர்)

காலை முதல் பாடவேளை. ‘அயல்நாட்டு வாணிபம்’ என்ற பாடம் நடந்து கொண்டிருந்தது. “நம் வட்டாரத்திலிருந்து வெளிநாடு செல்லும் பொருள்கள் எவை? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்” என்றார் எங்கள் வணிகவியல் ஆசிரியையான அருட்சகோதரி. “திண்டுக்கல் தோல்” என்றாள் ஒருத்தி. “ஒட்டன்சத்திரம் காய்கறி” என்றாள் மற்றொருத்தி. கடைசிப் பெஞ்சிலிருந்து மெல்லிய குரல் ஒன்று, “பூ, சிஸ்டர்” என்றது.

வகுப்பே சிரித்துவிட்டது. கூந்தலில் சூடும் பூவும் ஏற்றுமதிச் சரக்கா? ஆனால் அந்தத் தோழி சிரிக்கவில்லை. விடுமுறை நாள்களில் தாய்க்கு உதவியாகத் தோட்டத்தில் பூ எடுப்பவள் அவள். “நாங்கள் விடியலில் எடுக்கிற மல்லிகை அன்று இரவே விமானம் ஏறித் துபாய் போய்விடுமாம். விமானம் போகாத நாளில் எங்களுக்கு விலையும் இல்லையாம். அது எப்படி, சிஸ்டர்? எங்கேயோ பறக்கிற விமானத்துக்கும் எங்கள் வீட்டு அடுப்புக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டாள்.

சிரிப்பு அடங்கியது. “நல்ல கேள்வி. விடையை நீங்களே தேடி, ஆண்டு மலருக்கு எழுதுங்கள்” என்றார் சகோதரி. அரையாண்டு விடுமுறையில் நாங்கள் எண்மர் தோட்டத்துக்கும், பூச்சந்தைக்கும், மதுரையில் ஏற்றுமதிப் பெட்டிகள் கட்டும் கொட்டகை ஒன்றுக்கும் சென்று வந்தோம். நூல்களையும் புரட்டினோம். அவ்வாறு அறிந்தவற்றையே இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

மொட்டின் கடிகாரம்

வத்தலக்குண்டு என்றதும் வெளியூரார்க்கு நினைவுக்கு வருவன இரண்டு: கொடைக்கானலுக்குச் செல்லும் சாலை, வெற்றிலை. நமக்கோ மூன்றாவதாக மல்லிகையும் உண்டு. வத்தலக்குண்டு, நிலக்கோட்டைச் சுற்றுப்புறங்களில் செம்மண் தோட்டங்களில் குண்டுமல்லி செழித்து வளர்கிறது. தாவர நூலார் இதனை ‘ஜாஸ்மினம் சாம்பாக்’ என்பர். பதியன்களில் பெரும்பகுதி இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து வருகின்றன. குளிர்காலத்தில் செடியைக் கவாத்து செய்துவிட்டால், மார்ச்சு மாதத்திலிருந்து பூ கொட்டத் தொடங்கும். ‘மதுரை மல்லி’ என்ற பெயருக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வுரிமை மதுரைக்கு மட்டும் உரியதன்று. திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களும் அதில் அடங்கும். எனவே நம் ஊர் மல்லிகையும் சட்டப்படி மதுரை மல்லியே!

மல்லிகைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அன்று விரியவேண்டிய மொட்டு விடியலில் வெண்மையாகவும் இறுக்கமாகவும் இருக்கும். அந்தி சாயும் வேளையில் தானே இதழ் விரித்து மணம் பரப்பும். மறுநாள் வாடிவிடும். ஆகவே வாங்குபவர்க்கு வேண்டியது மலர்ந்த பூ அன்று, மலரப்போகும் மொட்டே. மொட்டு அவிழும்முன் அது சூடுபவரின் ஊரைச் சென்று அடையவேண்டும். பறித்த கணத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. சாவி கொடுத்து அதை நிறுத்த இயலாது. குளிர்வித்துச் சற்று மெதுவாக்கலாம், அவ்வளவே.

தோழியின் தாயார் எங்களுக்குப் பூ எடுக்கக் கற்றுத் தந்தார். பார்ப்பதற்கு எளிது. ஆனால் நாளைய மொட்டை விட்டு இன்றைய மொட்டை மட்டும் இருட்டில் தடவி அறியும் விரல்கள் எங்களுக்கு இல்லை. “வெரசா எடுங்க கண்ணுகளா, வெயில் வந்துட்டா பூ மெத்துன்னு ஆயிரும்” என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எங்களுள் இருவர் நூறு கிராம் மொட்டுகளை எடுத்து எண்ணிப் பார்த்தனர். நானூறுக்குச் சற்று மேல் இருந்தன. அப்படியானால் ஒரு கிலோவுக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட தடவை ஒரு பெண்ணின் விரல்கள் செடிக்கும் மடிக்கும் இடையே போய்வரவேண்டும். அதற்கான கூலி கிலோக் கணக்கில்தான் தரப்படுகிறது. நாங்கள் எண்மரும் சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் எடுத்தது, அந்த அம்மா ஒருவர் எடுத்ததற்கு ஈடாகவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

சந்தையில் ஒரு காலை

வெயில் ஏறுமுன் பூ மூட்டைகள் இருசக்கர வண்டிகளிலும் ஆட்டோக்களிலும் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு வந்து சேர்கின்றன. கமிஷன் கடைகளில் எடை போடப்படுகிறது, விலை கூவப்படுகிறது. காலையில் ஒரு விலை, சற்று நேரம் சென்று வேறொரு விலை. மாசி, பங்குனியில் பூ பெருகும்போது விலை விழும். மார்கழி, தையில் பனியால் பூ அருகும்போது, பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் ஒரு கிலோவின் விலை ஆயிரங்களைத் தாண்டும். பூ மிகுந்து விற்காமற் போனால், எஞ்சியது வாசனைத் தைல ஆலைகளுக்குச் செல்கிறது. அங்கே ஒரு கிலோ மணமெழுகு எடுக்கப் பல நூறு கிலோ மலர் வேண்டும். ஆலை தரும் விலை குறைவு. ஆனாலும் குப்பையில் கொட்டுவதினும் மேல்.

சந்தையில் பூ மூன்று வழியாகப் பிரிகிறது. ஒரு பகுதி உள்ளூருக்கும் பக்கத்து ஊர்களுக்கும். நம் சிற்றாலயப் பீடத்தை அணிசெய்யும் மல்லிகையும் இதில் அடங்கும். ஒரு பகுதி சாலை வழியே கேரளத்துக்கும் சென்னைக்கும். மூன்றாம் பகுதி அளவில் சிறியது. ஆனால் தேர்ந்தெடுத்த மொட்டு. அதுவே வானேறும் பகுதி. ஏற்றுமதியாளர் வாங்கவரும் நாளில் தரமான மொட்டுக்குப் போட்டி ஏற்படும். சந்தை முழுவதற்கும் விலை சற்றே நிமிரும். அவர் வராத நாளில் அந்த மொட்டும் உள்ளூர்க் குவியலோடு சேர்ந்து எல்லார் விலையையும் கீழே தள்ளும். தோழியின் கேள்விக்கு விடையின் முதற்படி இங்கே கிடைத்தது.

வான்வழிக்கு ஒரு சிறு வரலாறு

இன்று நாம் எளிதாக ‘விமானத்தில் அனுப்பினோம்’ என்கிறோம். இதற்குப் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், அலகாபாத்தில் ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் ஏறத்தாழ 6,500 கடிதங்களுடன் ஒரு சிறு விமானத்தில் யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். உலகில் அரசு ஒப்புதலுடன் நடந்த முதல் விமான அஞ்சல் அதுவே. அக்கடிதங்களுக்காக வசூலித்த தனிக்கட்டணம் ஒரு கிறிஸ்தவ மாணவர் விடுதியின் கட்டட நிதிக்குச் சென்றது என்பது, விடுதியில் தங்கிப் பயிலும் நம் தோழியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

தமிழ்நாட்டுக்கு வான்வழிச் சரக்கு வந்தது 1932-இல். அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா, கராச்சியிலிருந்து ‘புஸ் மாத்’ என்னும் சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டு அகமதாபாத் வழியாகப் பம்பாய் சேர்ந்தார். இலண்டனிலிருந்து கராச்சிக்கு விமானத்தில் வந்த அஞ்சலே அவர் சுமந்த சரக்கு. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். அகமதாபாத்தில் விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்ததாம்! 1938-இல் அந்த அஞ்சல் வழி திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. நம் மாவட்டத்துக்கு அருகே மதுரை விமான நிலையத்திலிருந்து 2012-இல் கொழும்புக்கு முதல் பன்னாட்டு விமானம் புறப்பட்டது. மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், சென்னை, கொச்சி ஆகிய ஊர்களின் விமான நிலையங்களுள் அன்றைக்கு எங்கே இடம் கிடைக்கிறதோ, அதற்கேற்பப் பூப்பெட்டிகள் பயணம் செய்கின்றன.

கடிதமும் மல்லிகையும் ஒரு வகையில் ஒன்றே. இரண்டுக்கும் எடை குறைவு. காலம் தாழ்ந்தால் பயனில்லை. உலக வாணிபத்தில் எடையைப் பார்த்தால் விமானத்தில் செல்வது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மதிப்பைப் பார்த்தாலோ மூன்றில் ஒரு பங்கு! மருந்து, மின்னணுப் பொருள், பழம், மீன், மலர் ஆகிய ‘காத்திருக்கவியலாத’ பொருள்களே வானில் பறக்கின்றன.

பெட்டிக்குள் ஒரு குளிர்காலம்

ஏற்றுமதிக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக அமர்ந்து மொட்டுகளைத் தரம் பிரித்துக் கொண்டிருந்தனர். சிலர் சரமாகக் கட்டினர். வாங்கும் நாட்டாரின் விருப்பத்துக்கேற்ப உதிரியாகவும் சரமாகவும் பூ செல்கிறது. நீர் கோத்த மொட்டு பழுத்துப் பழுப்பேறும் என்பதால் ஈரம் உலர்த்தப்படுகிறது. மொட்டு விரைவில் அவிழாதிருக்கப் போரிக் அமிலக் கரைசலில் நனைத்தெடுக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துள்ளது. பின்னர் தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே மொட்டுகள் அடுக்கப்படுகின்றன. வெளியே வெயில் கொளுத்தும்போது பெட்டிக்குள் மட்டும் ஒரு சிறு கொடைக்கானல்!

இங்கே எங்கள் கணக்குப் பாடம் உதவிக்கு வந்தது. விமானக் கூலியை எடைக்குத்தானே வாங்குவார்கள் என்று எண்ணினோம். அவ்வாறன்று. பஞ்சு போன்ற பொருள் எடை குறைந்தும் இடத்தை அடைத்துக்கொள்ளும் அல்லவா? ஆகவே பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுக்கின்றனர். இதனைக் கன எடை என்பர். உண்மை எடை, கன எடை இவற்றுள் எது மிகுதியோ அதற்கே கூலி. 60 சென்டிமீட்டர் நீளமும் 50 அகலமும் 40 உயரமும் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 1,20,000, வகுத்தால் 20 கிலோ. பூவும் பனியும் சேர்ந்து பெட்டி 14 கிலோவே இருந்தாலும் 20 கிலோவுக்குக் கூலி கட்டவேண்டும். பெட்டியை இறுக அடுக்கினால் கூலி மிச்சம். மிக இறுக்கினால் மொட்டு நசுங்கும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் கையாலேயே அறிந்தவர்கள் அங்கிருந்த பெண்கள். அவர்களுள் ஓர் அக்கா, “பொட்டிய மூடறப்போ பூ மூச்சு விடணும் பாப்பா” என்றார். எந்தப் பாடநூலும் இதை இவ்வளவு அழகாகச் சொல்லவில்லை.

தாள்களின் பயணம்

பெட்டியோடு ஒரு கற்றைத் தாள்களும் பயணம் செய்கின்றன. இந்நாளில் பெரும்பாலானவை கணினி வழியே முன்னே சென்றுவிடுகின்றன. ஏற்றுமதியாளர் அரசிடம் இறக்குமதி ஏற்றுமதி எண் பெற்றிருக்கவேண்டும். பூவில் பூச்சியோ நோயோ இல்லை என்று தாவர நோய்த் தடுப்பு அதிகாரி சான்று தரவேண்டும். சுங்க இலாகா ஏற்றுமதிப் பட்டியலைப் பார்த்து அனுமதிக்கவேண்டும். பாதுகாப்புக்காகப் பெட்டி எக்ஸ்ரே கருவியினூடே செல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக விமானச் சரக்குச் சீட்டு வேண்டும்.

அச்சீட்டின் எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. அதில் மொத்தம் 11 இலக்கங்கள். முதல் மூன்றும் எந்த விமான நிறுவனம் என்பதைக் குறிக்கும். அடுத்த ஏழும் வரிசை எண். கடைசி இலக்கம் ஒரு காவற்காரர்! வரிசை எண்ணை ஏழால் வகுத்தால் வரும் மீதியே அந்த இலக்கம். வரிசை எண் 1234567 என்று வைத்துக்கொள்வோம். ஏழால் வகுத்தால் மீதி 5. ஆகவே எண் 12345675 என்று முடியும். எழுதுபவர் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் மீதி பெரும்பாலும் ஒத்துவராது. பிழை உடனே தெரிந்துவிடும். ‘மீதியைக் கண்டுபிடித்து என்ன பயன்?’ என்று ஐந்தாம் வகுப்பில் முணுமுணுத்த எங்களுக்கு இது நல்ல பாடம். அந்த ஓர் இலக்கம் தவறினால் பெட்டி வேறெங்கோ கிடங்கில் கிடக்கும், அதற்குள் பனி உருகும், மொட்டு அவிழும்.

விமான நிலையங்களுக்கும் மூன்றெழுத்துப் பெயர்கள் உண்டு. மதுரை ஐ.எக்ஸ்.எம்.; திருச்சி டி.ஆர்.இஸட்.; சென்னை எம்.ஏ.ஏ.; துபாய் டி.எக்ஸ்.பி.; சிங்கப்பூர் எஸ்.ஐ.என். பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டில் இவ்வெழுத்துகளைப் படித்தபோது, நம் செம்மண் தோட்டம் உலகப் படத்தில் இடம்பெற்றுவிட்டதாகவே உணர்ந்தோம்.

விமானத்தின் வயிறு

சரக்குக்கென்றே தனி விமானங்கள் உள்ளன என்பது உண்மையே. ஆயினும் உலகின் விமானச் சரக்கில் ஏறத்தாழ பாதி, பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் சென்று வந்தது. மேலே மனிதர் அமர்ந்து உணவருந்துகையில் கீழே மல்லிகை உறங்குகிறது. சென்னை போன்ற நிலையங்களுக்கு வரும் அகன்ற விமானங்களில் பெட்டிகளை உலோகத் தட்டுகளில் அடுக்கி வலை போர்த்தி ஏற்றுவர். சிறிய விமானங்களில் பெரும்பாலும் ஆட்கள் குனிந்து ஒவ்வொன்றாக அடுக்குவர்.

இங்குதான் ஒரு கவலை. முதலிடம் பயணிகளுக்கும் அவர்தம் பெட்டிகளுக்குமே. மீதியிருந்தால்தான் சரக்குக்கு. வெயில் கடுமையான நாளில் காற்றின் அடர்த்தி குறையும். எனவே விமானம் தூக்கக்கூடிய எடையும் குறையும் என்பதை இயற்பியல் பிரிவுத் தோழியர் விளக்கினர். அப்போது இறக்கப்படுவது சரக்கே. கோடையில்தான் மல்லிகையும் மிகுதி என்பதை எண்ணிப் பாருங்கள்! இறக்கப்பட்ட இரும்பு உதிரிப்பாகம் மறுநாள் போகலாம். இறக்கப்பட்ட மல்லிகைக்கு மறுநாள் என்பதே இல்லை.

எல்லாம் சரியாக நடந்தால் கணக்கு எவ்வாறு அமையும்? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். விடியல் 5 மணிக்கு எடுத்த பூ 8 மணிக்குச் சந்தை; நண்பகலுக்குள் பெட்டி; மாலையில் விமான நிலையம். இரவு 9 மணிக்குப் புறப்படும் விமானம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் துபாயை அடையும். அப்போது நம் கடிகாரத்தில் இரவு 1 மணி. துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி பின்தங்கியது ஆகையால் அங்கே அதே நாள் இரவு 11.30. மேற்கே செல்லும் பூ நேரத்தைச் சேமிக்கிறது. கிழக்கே செல்லும் பூவோ நேரத்தை இழக்கிறது. இரவு 11 மணிக்கு ஏறி நான்கு மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் அது மறுநாள் விடியற்காலை 5.30. அங்கே லிட்டில் இந்தியா வட்டாரத்தில் மாலை தொடுப்போர் கடை திறக்கும் வேளைக்குப் பூ வந்துவிடும். இத்தனை நெடும் பயணத்தில் விமானம் பறப்பது நான்கு மணி நேரமே. மீதியெல்லாம் தரையில், மனிதர் கைகளில் கழிகிறது. ‘வான்வழி’ என்று பெயர். வழியின் பெரும்பகுதி மண்மேல்தான்!

வழி அடைபட்டபோது

ஒரு வழியின் அருமை அது அடைபடும்போதுதான் தெரிகிறது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து நாட்டில் ஓர் எரிமலை வெடித்துச் சாம்பலைக் கக்கியது. ஐரோப்பாவின் வான்வழி ஏறக்குறைய ஆறு நாள்கள் பெரும்பாலும் மூடப்பட்டது. அதனால் முதலில் கலங்கியவர்களுள் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டு உழவர்களும் உண்டு. நைவாஷா ஏரிக்கரைத் தோட்டங்களில் வளரும் ரோஜா, நைரோபியிலிருந்து விமானமேறி நெதர்லாந்தின் ஏலக்கூடங்களுக்குச் செல்வது வழக்கம். விமானம் இல்லை, ரோஜா குவியல் குவியலாகக் கொட்டி அழிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் பலர் வேலையின்றி நின்றனர். பனிநாட்டு எரிமலை வெப்பநாட்டு ரோஜாவை வாட்டியது!

நமக்கு அந்த நாள் 2020-இல் வந்தது. மார்ச்சு 23-ஆம் நாள் முதல் இந்தியாவில் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. 25-ஆம் நாள் முதல் நாடே ஊரடங்கில் அடங்கியது. சரக்கு விமானங்களுக்குத் தடை இல்லை. ஆனால் பூவைச் சுமந்த பயணிகள் விமானங்களின் வயிறு தரையில் கிடந்தது. கோயில்களும் தேவாலயங்களும் மூடப்பட்டன, திருமணங்கள் ஒத்திவைக்கப்பட்டன. அதுவோ மல்லிகை கொட்டும் பருவம். செடிக்கு ஊரடங்கு தெரியாதே!

எங்கள் தோழி அந்நாளில் சிறுமி. “அம்மா வழக்கம்போல எழுந்து தோட்டத்துக்குப் போனாங்க. பூ எடுத்து வரப்பிலேயே கொட்டினாங்க. எடுக்காம விட்டா செடி கெட்டுடும். எடுத்தா வாங்க ஆள் இல்லை. தெருவெல்லாம் மணந்துச்சு, வீட்டில் மட்டும் அரிசி இல்லை” என்று அவள் சொன்னபோது எங்களுள் யாரும் பேசவில்லை. முதல் நாள் வகுப்பில் சிரித்தது நெஞ்சை உறுத்தியது.

பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் மீண்டும் வழக்கம்போல இயங்க 2022 மார்ச்சு 27 வரை காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையே விளைபொருள்களை விமானத்தில் அனுப்ப ஊக்கமளிக்கும் ‘கிரிஷி உடான்’ திட்டம் 2020-இல் தொடங்கி, 2021 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது.

விடை

ஆகவே தோழியின் கேள்விக்கு நாங்கள் கண்ட விடை இதுதான். வான்வழி என்பது இரு விமான நிலையங்களுக்கு இடையே வரைந்த கோடு அன்று. அது மல்லிகைச் செடியில் தொடங்கி, அயல்நாட்டில் ஒரு தாயின் கூந்தலில் முடியும் நீண்ட சரம். பறிப்பவர், எடை போடுபவர், பெட்டி கட்டுபவர், வண்டி ஓட்டுபவர், சான்று தருபவர், சுமை ஏற்றுபவர், விமானி என ஒவ்வொருவரும் அதில் ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் இழப்பு அங்கேயே நிற்பதில்லை. பின்னோக்கி ஓடி வருகிறது. வாங்குபவர் விலையைக் குறைப்பார்; ஏற்றுமதியாளர் சந்தைக்கு வாராதிருப்பார்; சந்தையில் விலை சரியும்; உழவர் பூ எடுக்க ஆள் வேண்டாம் என்பார். பின்னே தள்ளிவிட யாரும் இல்லாத கடைசி இடத்தில், மடியில் மொட்டுகளுடன் அந்தத் தாய் நிற்கிறார். ஊதியத்தில் மிகக் குறைந்த பங்கு பெறுபவர், இழப்பில் மட்டும் முழுப் பங்கு பெறுகிறார். எங்கேயோ பறக்கும் விமானத்துக்கும் அவர் வீட்டு அடுப்புக்கும் உள்ள சம்பந்தம் இதுவே.

இதற்குத் தீர்வு கூறும் அளவுக்கு நாங்கள் கற்றவர்கள் அல்லர். ஆனால் சிலவற்றைக் கண்ணால் கண்டோம். உழவர்கள் ஒன்றுகூடிக் குளிர் அறை வைத்துக்கொண்டால் ஒரு நாளாவது பூவைக் காக்கலாம். வானுக்கு மட்டும் நம்பியிராமல் உள்ளூர், வெளியூர், தைல ஆலை என்று பல வழிகளும் திறந்திருந்தால் ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று காக்கும். இவற்றைச் செய்யப் படித்தவர்கள் வேண்டும். தாவர நோய்த் தடுப்பு அதிகாரியாகவோ, சுங்க முகவராகவோ, ஏற்றுமதியாளராகவோ நம் பள்ளி மாணவியர் ஏன் ஆகக்கூடாது? பூவின் மென்மையை விரலால் அறிந்தவள், அப்பூவின் கணக்கையும் ஏட்டில் அறிந்துகொண்டால் அவளை ஏமாற்ற யாரால் இயலும்?

‘பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்’ என்பர் பெரியோர். நாங்கள் கண்டது வேறு. நார் இல்லாவிடில் பூ வெறும் உதிரி. இக்கட்டுரையைப் படிக்கும் பெற்றோருள் பலர் அந்த நாராக விளங்குபவர்கள். விடியலில் எழுந்து பூ எடுத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவர்கள். அவர்களுக்கு எங்கள் வணக்கம்.

எங்கள் தோழி இப்போது கடைசிப் பெஞ்சில் இல்லை. ‘அயல்நாட்டு வாணிபம்’ பாடத்தில் ஐயம் எழுந்தால் நாங்கள் அவளைத்தான் கேட்கிறோம். இரவில் மொட்டைமாடியில் படித்துக்கொண்டிருக்கையில் மதுரைத் திசையில் விமான விளக்கு ஒன்று நகர்ந்தால், அவள் சற்று நேரம் புத்தகத்தை மூடிவிட்டு அண்ணாந்து பார்ப்பாளாம். அவள் அம்மா எடுத்த மொட்டும் அதில் போகலாம். அது சேருமிடம் சேரும்வரை விரியாதிருக்கட்டும்!